நோயில்லையாம், ஆனால் இருக்கிறதாம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் வாண்டுப் பேத்தியும் நலமா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் என்னைப் பற்றி 'நலம்' என்று நானே எழுதலாமா கூடாதா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. டாக்டரைக் கேட்டால் நலம்தான் என்கிறார், அதே மூச்சில் ஜாக்கிரதையாக இருங்கள் என்றும் சொல்கிறார். போனில் உன் அப்பா 'சாதாரணக் காய்ச்சல்தான், பயணத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கோம், வேற ஒண்ணுமில்ல' என்று சொல்லி வைத்துவிட்டார் என்று அவர் மேல் கோபப்படாதே. அவருக்குப் பாதி விஷயம்தான் புரிந்திருக்கிறது, எனக்கும் பாதிதான். இரண்டு பேரும் சேர்ந்தால் முழுசாகிவிடும் என்று பார்த்தால், அவருக்குப் புரிந்த பாதியும் எனக்குப் புரிந்த பாதியும் ஒரே பாதியாக இருக்கிறது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி உட்கார்ந்து எழுதிவிடுகிறேன், நீ படித்தவள், உனக்காவது பிடிபடுகிறதா பார். மாப்பிள்ளைக்கு அண்ணன் கொடுத்த சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று நீ போன வாரம் சொன்னதிலிருந்துதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்குகிறது. அவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கத்தான் மாத்திரை கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்ளாது என்று நீ சொன்னாயே, அந்த ஒரு வார்த்தைதான் என்னை இப்படிக் கிடந்து அல்லாட வைத்திருக்கிறது.

மழை விட்ட சமயத்தில் நம் தெருவுக்கு ஒரு பெண் வந்தாள், தோளில் ஐஸ் வைத்த நீலப் பெட்டி. நான் மீன்காரி என்று நினைத்து வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்களாம், கோழிப் பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் வயிற்றில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம், பிறகு பண்ணையே இல்லாத இடத்துக்காரர்கள் வயிற்றையும் பார்த்து ஒப்பிடுவார்களாம். அதற்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன், அவள் கொஞ்சம் தயங்கி ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினாள், மூடியிலேயே குட்டிக் கரண்டி. எனக்குப் புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. உன் அப்பா உள்ளேயிருந்து 'இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா' என்று முனகினார். அந்தப் பெண்தான் 'ஐயா, நீங்க பண்ணையிலேயே வேலை பாக்கறவரு, நீங்கதான் எங்களுக்கு முக்கியம்' என்றாள். முக்கியம் என்று யாராவது சொன்னால் உன் அப்பா மறுத்து எனக்குத் தெரிந்து கிடையாது. இரண்டு பேரும் கொடுத்தோம். கொடுத்ததோடு மறந்தும் போனோம், குளியலறைக் குழாய் வேறு அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது, பிளம்பர் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒருநாள் தையல் கடையில் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன், அந்தப் பெண் போன் பண்ணினாள். ஐயாவுக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றாள். நான் மாற்றிச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். கோழிக்குத் தீனி போட்டு, தண்ணீர்க் குழாயைக் கழுவி, செத்ததைப் பொறுக்கி, நாள் முழுக்க அந்த நீளமான ஷெட்டுக்குள் கிடக்கிறவர் அவர். நான் அந்தப் பண்ணை கேட்டைக்கூடத் தாண்டினதில்லை, காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்காருகிறவள். 'நல்லாப் பாத்துச் சொல்லும்மா, டப்பா மாறியிருக்கும்' என்றேன். மாறவில்லையாம். அப்படியானால் எனக்கு என்ன வியாதி என்று கேட்டேன். 'வியாதி இல்லம்மா. அந்த பாக்டீரியா உங்க குடல்ல சும்மா இருக்கு, அவ்வளவுதான். நிறையப் பேருக்கு இருக்கு, அவங்களுக்கே தெரியாது' என்றாள். சும்மா இருக்கிறது என்றால் எதற்கு எனக்குச் சொல்கிறாய் என்று கேட்டேன், தெரிந்துகொள்வது உங்கள் உரிமை என்றாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 'அதைச் சொல்ல முடியலம்மா. பண்ணையிலேர்ந்து வந்திருக்கலாம், சாப்பாட்டுலேர்ந்து வந்திருக்கலாம், ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கலாம், வேற மனுஷங்க கிட்டேயிருந்தும் வந்திருக்கலாம்' என்று அடுக்கினாள். பண்ணைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதிகமா என்றால் அதையும் இன்னும் எண்ணி முடிக்கவில்லையாம். மொத்தத்தில் எனக்கு இருக்கிறது, ஆனால் நோயில்லை, எங்கிருந்து என்று தெரியாது, எப்போது போகும் என்றும் தெரியாது. வாடகையும் தராமல் காலியும் பண்ணாமல் ஒருத்தன் வீட்டில் குடியிருக்கிறான், ஆனால் ரொம்ப நல்லவன் என்று சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு.

உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. முதலில் அவருக்குக் கொஞ்சம் ரோஷமாகிவிட்டது, இத்தனை வருஷம் கோழியோடு கிடக்கிற தனக்கு இல்லாமல் இவளுக்கு எப்படி வரும் என்று. அப்புறம் சாயங்காலம் பார்த்தால் பின்பக்கத்தில் நின்று தன் ரப்பர் பூட்ஸைத் தேய் தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வேலைச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, குளித்துவிட்டுத்தான் என் பக்கத்திலேயே உட்காருகிறார். நான் அந்தக் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம், ஒரு கிருமி வந்து சொன்னதும் கேட்கிறார்.

நம் கண்ணாடி டாக்டரிடம் போனேன். கொல்ல மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் தரமாட்டேன் என்றார். 'இப்ப மாத்திரை போட்டா வயித்துல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போயிடும், இது மட்டும் சொகுசா நிக்கும். சும்மா விடுங்க, தானா போனாலும் போயிடும்' என்றார். நான் எழுந்து வரும்போது, எப்போதாவது காய்ச்சலோ வேறு தொற்றோ வந்தாலும், ஆபரேஷன் என்றாலும், போன உடனே இந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னார். மாப்பிள்ளை விஷயத்தையும் சொன்னேன், உங்களிடம் வந்து தங்கிச் சமைத்துப் போட டிக்கெட் எடுத்திருப்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். 'போகக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன், போகலாம்னும் நான் சொல்லக் கூடாது. அவருக்கு வைத்தியம் பாக்கற டாக்டருங்களைக் கேட்டுட்டுப் போங்க' என்றார். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்து நினைத்தே நாலைந்து நாள் போனில் குழாய் ஒழுகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், உன் ரேடியோ அத்தைக்கு விஷயம் எப்படிப் போனது என்றால் உன் அப்பா வழியாகத்தான். தன் அக்காவிடம் மறைத்துப் பழக்கமில்லை அவருக்கு. அவளிடம் சொல்வதும் ஒன்று, ஊரெல்லாம் தண்டோரா போடுவதும் ஒன்று. மறுநாளே சலூன்காரர் என்னைப் பார்த்து 'உடம்பு எப்படிம்மா இருக்கு' என்று இரக்கமாகக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையை எங்கள் வாசலிலிருந்து நைசாக இழுத்துக்கொண்டாள். கடையில் ஒரு அம்மா தைக்கக் கொடுத்த பாவாடையை 'அவசரமில்ல, அப்புறம் தரேன்' என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனாள், பாவாடை வயிற்றுக்குள்ளா போகிறது, நீயே சொல். உன் அத்தை மட்டும் என்ன, எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்காருவாள், டம்ளரைத் தொடமாட்டாள், ஆனால் வராமலும் இருக்கமாட்டாள், வராவிட்டால் செய்தி எங்கிருந்து கிடைக்கும். எனக்கு வந்த கோபத்தில் நான் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். உன் அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் எனக்கு ஒருநாள் நீர் போகும்போது கடுத்தது. வெயில், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, அதுதான் என்று நினைத்தேன். முன்னே ஒருதரம் இப்படி வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுச் சரியானது ஞாபகம் இருந்தது, அதே மாத்திரையை வாங்கிப் போட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும், திட்டிக்கொள். சரியாகவில்லை. இடுப்புக்குப் பின்னால் ஒரு பக்கம் பிடுங்கி எடுத்தது, பிறகு குளிர். மத்தியானம் கடையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பல் தந்தியடித்தது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. முதலாளியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு உன் அப்பாவுக்குப் போன் பண்ணினாள். அவர் பண்ணை வேனையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேனில் ஏறினது தெரியும், ஆஸ்பத்திரி வாசலில் என்னை யாரோ சக்கர நாற்காலியில் தள்ளினது தெரியும், அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மூட்டமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. மீதியை உன் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதாம். சின்ன வயசு டாக்டர் ஒருவர், சிறுநீரில் தொற்று ஏறி ரத்தத்துக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வழக்கமான மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்னாராம். முன்னே ஏதாவது வியாதி உண்டா, சர்க்கரை உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டாராம். உன் அப்பா இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை பாவம். வியாதி இல்லை என்றுதானே அந்தப் பெண் சொன்னாள், வியாதி உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்ல வேண்டும். அதுவும் அது வயிற்றில் இருப்பது, இது சிறுநீரில் வந்தது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றியிருக்கவில்லை, தோன்றியிருந்தால் நான் மெடிக்கல் ஷாப்புக்கா போயிருப்பேன். வெளிக்குப் போகிற இடத்திலிருந்து நீர் போகிற இடத்துக்கு அது ஏறிவிடுமாம், பெண்களுக்குச் சீக்கிரம் ஏறிவிடுமாம், இதையெல்லாம் பிறகு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வயசுக்கு என் உடம்பின் வாசல் வழி எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் உன் அத்தை வந்திருக்கிறாள், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு. நான் கண் சொருகிக் கிடப்பதைப் பார்த்ததும் ஒரே அழுகை. அழுதுகொண்டே, அவள் வழக்கப்படி, பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவியிடம் ஆரம்பித்துவிட்டாள். 'கிட்ட வராதீங்கம்மா, எங்க வீட்டுப் பொண்ணு வயித்துல எந்த மருந்துக்கும் அடங்காத பூச்சி இருக்கு, பல்கலைக்கழகத்துலேர்ந்தே வந்து கண்டுபிடிச்சாங்க' என்று. உன் அப்பா வெட்கம் தாங்காமல் 'அக்கா, சும்மா இரு' என்று அதட்டினாராம். அவள் என்றைக்குச் சும்மா இருந்தாள். 'நான் ஏண்டா சும்மா இருக்கணும், உள்ளதைத்தானே சொல்றேன்' என்று இன்னும் குரலை உயர்த்தியிருக்கிறாள். டிரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் அப்படியே திரும்பி, 'என்ன சொன்னீங்க? இன்னொருதரம் சொல்லுங்க' என்று கேட்டிருக்கிறார். இன்னொருதரம் சொல்லச் சொல்லி உன் அத்தையை யாரும் இதுவரை கேட்டதில்லை. முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள், நீலப் பெட்டி, கரண்டி, கண்ணாடி டாக்டர் உள்பட. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்து, அவர் உன் அப்பாவிடம் அந்த நீலப் பெட்டிப் பெண்ணின் நம்பரை வாங்கி அங்கேயே நின்று பேசி, ஏறிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டு வேறு மருந்தை ஏற்றச் சொன்னாராம். கல்ச்சர் என்று, எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்கிற ஒரு பரிசோதனை, அதன் முடிவு பிறகுதான் வந்தது. அந்த முதல் மருந்து எனக்கு வெறும் தண்ணீர் மாதிரியாம். முடிவு வரும்வரை அதையே ஏற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கிக் கண்ணைத் திறந்தபோது என் கால்மாட்டில் உன் அத்தைதான் உட்கார்ந்திருந்தாள், நாற்காலி நுனியில் இல்லை, கட்டில் மேலேயே, என் காலைத் தன் மடியில் போட்டுக்கொண்டு. எனக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை. வாயைத் திறந்து தண்ணீர் என்று மட்டும் கேட்டேன். கொடுத்தாள். குடித்துவிட்டு, மிச்சத்தை என்ன செய்வது என்று பார்த்தேன், அவள் டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'கையைக் கழுவிட்டு வரேன், நர்ஸு திட்டும்' என்று எழுந்து போனாள். இப்போது தெருவெல்லாம் தன்னால்தான் நான் பிழைத்தேன் என்று ஒலிபரப்பு நடக்கிறது. உண்மையும் அதுதான், அதனால் மறுக்கவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. அந்தப் பாவாடைக்கார அம்மா, ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் எடுத்துச் சொல்லியும் கேட்காதவள், உன் அத்தை சொன்னதும் பாவாடையோடு வந்து நின்றாள்.

உன் அப்பாதான் இன்னும் தெளியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு 'நான்தான் கொண்டாந்துட்டேனோ' என்றார். ஒரு கோழிக்குச் சீக்கு என்றால் ஷெட்டிலிருக்கிற அத்தனைக்கும் தண்ணீரில் மருந்து கலந்துவிடுவார்களாம், கலக்குகிறதும் அவர்தான். இத்தனை நாளும் நல்ல காரியம் செய்கிறோம் என்றே கலக்கிக்கொண்டிருந்தேன் என்றார். அந்த மருந்துக்குச் சாகாமல் தப்பித்த கிருமிதான் இப்படி முரடாகிவிடும் என்று டாக்டர் சொன்னதை அவரால் மறக்க முடியவில்லை. உங்களிடம் ஒன்றும் இல்லை என்றுதானே வந்தது, உங்களிடம் இல்லாததை எனக்கு எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். அவரிடம் முன்னே இருந்து போயிருக்கலாம், பூட்ஸில் ஒட்டி வந்திருக்கலாம் என்கிறார். நான் கறி நறுக்கினபோது வந்திருக்கலாம் என்றேன் நான். முன்னே எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்கலாம் என்றாள் உன் அத்தை. மூன்று பேரும் பேசிப் பேசிக் கடைசியில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள், பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்களா என்று கேட்டதும்தான் கொஞ்சம் சிரித்தார். மருந்து கலப்பதைப் பற்றி மட்டும் பண்ணைக்கு வருகிற கால்நடை டாக்டரிடம் கேட்டுப்பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கேட்கட்டும்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் போய்விட்டது, தொற்று தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். ஆனால் வயிற்றிலிருப்பது போய்விட்டதா என்றால் தெரியாது. மறுபடி பார்த்து இல்லை என்று வந்தால்கூட ஒளிந்துகொண்டிருக்கலாமாம். நான் வந்தால் நீ வேலைக்குப் போகலாம், பேத்தியைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இருக்கும், மாப்பிள்ளைக்கு வேளாவேளைக்கு உப்புக் குறைத்துச் சமைத்துப் போடலாம். நான் வந்து, என்னிடமிருந்து அவருக்கு ஏதாவது தொற்றினால், அவர் அண்ணன் உடம்பை அறுத்துக் கொடுத்தது என்னாவது. ஒரு நாளைக்குப் பெட்டியைக் கட்டுகிறேன், மறுநாள் பிரிக்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்யவில்லை, தேதியை மட்டும் தள்ளிவைத்திருக்கிறோம். கை கழுவினால் போதும் என்கிறார் நர்ஸ், கண்ணாடி டாக்டர் கேட்டுவிட்டுப் போ என்கிறார், உன் அத்தை தான் போய்ச் சமைக்கிறேன் என்கிறாள், அவள் சமைத்தால் மாப்பிள்ளைக்குக் கிருமியே தேவையில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். மாப்பிள்ளையின் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அங்கே இருக்கிற டாக்டரிடம் என்னைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல். கிருமியின் பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்துத் தனிக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், எனக்கு அது வாயில் நுழையவில்லை. நான் வரலாமா, வந்தால் சமைக்கலாமா, தனிக் குளியலறை வேண்டுமா, எல்லாம் கேள். வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம் இருக்கும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் கோபம் இருக்காது. நீயும் டாக்டரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்கிப் போடும் வேலையை வைத்துக்கொள்ளாதே. கக்கூஸ் போய்விட்டு வந்தால் சோப்புப் போட்டு விரலிடுக்கெல்லாம் கழுவச் சொல்லிப் பேத்திக்குப் பழக்கு, பச்சைக் கறி நறுக்கின பலகையில் காய் நறுக்காதே, தண்ணீர் நிறையக் குடி.

இன்னும் ஒன்று. ஒரு மாமியார் தன் வெளிக்குப் போன விஷயத்தை மாப்பிள்ளைக்குத் தெரிவிக்கிறது எங்காவது உண்டா என்று எனக்கு முதலில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் வந்தால் நான் எழுந்து நிற்கிறவள், என்னிடம் 'அத்தை, உக்காருங்க' என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருக்கும். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் வரவில்லை என்று சொல்லிவிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் அது அவர் உடம்பு, ஆபத்தும் அவருக்கு, தெரியாமல் வைக்க நான் யார். அதனால் இந்தக் கடிதத்தை நீ சுருக்கிச் சொல்லாதே, நாசூக்காகவும் சொல்லாதே, அப்படியே அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல், டப்பா, கரண்டி, எல்லாம் சேர்த்து. படித்து அவர் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு வெட்கம்தான், இருந்துவிட்டுப் போகிறது.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல், நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக நீண்ட காலம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அண்ணனுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல், அவர் வலி குறைந்துவிட்டதா என்று கேட்டு எழுது. பேத்திக்கு என் முத்தம், இதில் கிருமி வராது, கொடுத்துவிடு. செக்கப்பில் என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே போன் பண்ணு, மறந்துவிடாதே. உன் அப்பா பக்கத்தில் நின்று தன் அன்பையும் எழுதச் சொல்கிறார்.

உன் பதிலுக்குப் பெட்டியைப் பாதி கட்டி வைத்துக் காத்திருக்கும்,
அம்மா